இரட்டைப் பெட்டியின் விசில்

ஆகஸ்ட் 4, திங்கள்

தமயந்தி இன்று முதல் லீவு. தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து, அதோடு ஊரில் ஆடித் திருவிழா, ஆகப் பதினான்கு நாள். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு காதைக் குத்த இரண்டு வாரம் ஆகும் போலிருக்கிறது. என் பட்டறையில் மொத்தமே இரண்டு பேர், நானும் அவளும். திருச்சி பாலக்கரையில் ஒரு மாடி அறை, இரண்டு மேஜை, இரண்டு சால்டரிங் அயன். கிதார் வாசிக்கிறவன் காலால் மிதித்து ஓசையை மாற்றிக்கொள்ளும் பெடல்களைச் செய்கிறோம். நான் அதைப் பெட்டி என்றுதான் சொல்வேன்.

கிளம்பும்போது, கிதாரிஸ்ட் கிளமென்ட் கேட்டிருந்த ஆர்டரைப் பற்றி வாசலில் நின்று இழுத்தாள்.

"அண்ணே, கிளமென்ட் சாரோட ஆறு பெட்டியையும் நான் வந்து முடிச்சுத் தரட்டா?"

"பத்தாம் தேதி அவருக்கு மேடை இருக்கும்மா. நான் பாத்துக்கிறேன்."

"ஒயரிங் மட்டுமாவது விட்டு வைங்கண்ணே. வந்து ஒரே நாள்ல போட்டுடுவேன்."

"தமயந்தி, அந்த சர்க்யூட்ட வரைஞ்சது யாரு?"

"நீங்கதான்."

"அப்ப பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு."

வேலைமேல் இத்தனை பாசம் உள்ள ஆள் கிடைப்பது கஷ்டம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில், செட்டாப் பாக்ஸ் பழுது பார்க்கும் மேஜையில் ஆறு வருஷம் இருந்தவள். கைவேலை அவ்வளவு சுத்தம், ஒயரிங் எப்போதும் அவள்தான். காது மட்டும் சுமார். இசைக்கும் அவளுக்கும் சம்பந்தம் கிடையாது. அதனால் என்ன, காதுக்கு நான் இருக்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை. வீட்டில் குக்கர் விஷயமாக மனைவி கோமதியோடு சண்டை. மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனாள். நான் கூடத்தில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். ஒன்றுகூட வரவில்லை. அவள் இறங்கி வந்தபோது பருப்பு அடிப்பிடித்திருந்தது. ஏழு வந்ததாம். எதிர்வீட்டு அம்மா எண்ணிச் சொன்னாராம். எதிர்வீட்டு அம்மாவுக்கு வேறு வேலை இல்லை. குக்கர் வெயிட்டை மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மூன்று பெட்டி முடிந்தது. இந்த மாதிரிக்கு நான் 'இரட்டை' என்று பெயர் வைத்திருக்கிறேன். எதிரொலியும், ஒரு கிதாரைப் பல கிதார்போலக் கேட்கவைக்கும் கோரஸும் ஒரே டப்பாவில். எதிரொலி தரும் சிப், ஓசையைத் துண்டு துண்டாக வாங்கி, கட்டட வேலையில் சாந்துச் சட்டியைக் கைமாற்றுவதுபோல ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடத்தும். எந்த வேகத்தில் கடத்துவது என்று தாளம் போட ஓர் ஆஸிலேட்டர் இருக்கிறது. கிளாக் என்போம். நொடிக்கு நாற்பதாயிரம் தடவை அடிக்கும். மனிதக் காதுக்கு எட்டாத உயரம் அது. கோரஸுக்கு இதேபோல இன்னொரு கிளாக், அது நாற்பத்தாறாயிரம்.

வம்பு எங்கே என்றால், இரண்டும் கரண்டு வழியாகவோ எர்த் வழியாகவோ ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால், இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம், அந்த ஆறாயிரம், காதுக்குக் கேட்கும் இடத்துக்கு இறங்கிவிடும். தனியாக இருந்தால் வாயே திறக்காத இரண்டு பேர், சேர்த்து வைத்தால் கீச்சென்று கத்துவார்கள். பெரிய கம்பெனிகளே இதில் தடுமாறியிருக்கின்றன. என் இரட்டையில் அது கிடையாது. ஒன்றரை வருஷத்தில் நாற்பது பெட்டிக்கு மேல் வெளியே போயிருக்கிறது, ஒருவர் குறை சொன்னதில்லை. நான் வரைந்த வரைபடம் அப்படி. இடது பாதியும் வலது பாதியும் கண்ணாடியில் பார்த்தமாதிரி இருக்கும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கோமதிக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டரை வாயில் வைத்துவிட்டு அது கத்துவதற்காகக் காத்திருந்தேன். கத்தவே இல்லை. கோமதியே எடுத்துப் பார்த்து "நூத்தியொண்ணு" என்றாள். மருந்துக் கடையில் கொண்டுபோய்ப் பழுது என்று சொன்னேன். கடைக்காரப் பெண் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வேறொன்று கொடுத்தது. நல்ல கடை.

ஆகஸ்ட் 9, சனி

ஆறும் தயார். ஒவ்வொன்றையும் ஹெட்போனில் கால் மணி நேரம் கேட்டேன். உறுமல் இல்லை, கரகரப்பு இல்லை. கிணற்றுக்குள் நிற்பதுபோல நிசப்தம். இருபத்திரண்டு வருஷம் ஆர்கெஸ்ட்ராவில் டிரம்மருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து வாசித்தவன் நான். அத்தனை சத்தத்தின் நடுவே எந்தத் தந்தி அரை இழை இறங்கியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

மாலையில் கிளமென்ட் வந்து வாங்கிக்கொண்டார். அவருக்கு ஒன்று, மற்ற குழுக்களில் வாசிக்கும் அவருடைய சிநேகிதர்கள் ஐந்து பேருக்கு ஐந்து. நாளை அம்மன் கோயில் மேடையில் முதல் வாசிப்பு.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று கிளமென்ட் அனுப்பிய செய்தியை அப்படியே எழுதி வைக்கிறேன்: "மாஸ்டர், நேத்து மேடைல உங்க பெட்டிய மிதிச்சதுலேர்ந்து ஒரே விசில். கடைசி பாட்டு வரைக்கும் நிக்கல."

படித்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. மேடையில் நான் வாசித்த காலத்தில் எனக்குக்கூட இரண்டு பாட்டுக்குத்தான் விசில் கிடைக்கும். "எல்லாம் உங்கள் விரல் மகிமை" என்று பதில் போட்டேன். ஒரு கேள்விக்குறி மட்டும் திரும்பி வந்தது. அடக்கம்.

கோமதியிடம் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன். தமயந்திக்கும் போன் போட்டேன், அவளுக்கும் பங்கு உண்டே.

"ஜனங்க விசில் அடிச்சாங்களாண்ணே?"

"பின்ன, ஆடு மாடா அடிக்கும்?"

அந்தப் பக்கம் அவள் யாரிடமோ திருச்சி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது காதில் விழுந்தது.

"அண்ணே, காதுகுத்து முடிஞ்சிடுச்சு. நான் நாளைக்கே வந்துடட்டா?"

"திருவிழாவ விட்டுட்டா? இருந்து பாத்துட்டு வாம்மா."

ஆகஸ்ட் 13, புதன்

கிளமென்டின் சிநேகிதர் ஒருவரிடமிருந்து போன். "எனக்கும் விசில் மாஸ்டர். வீட்டுல ஒக்காந்து பழகும்போதுகூட."

மகிழ்ச்சி என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகுதான் யோசித்தேன். வீட்டில் யார் விசில் அடிப்பது? பெண்டாட்டியா?

ஆகஸ்ட் 14, வியாழன்

கிளமென்ட் ஒரு கட்டைப்பையில் ஆறு பெட்டியையும் போட்டு எடுத்து வந்துவிட்டார். விசில் அடித்தது ஜனங்கள் இல்லையாம்.

கிதாரை மாட்டி, பெட்டியை மிதித்து, ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தார். "இதோ பாருங்க மாஸ்டர்."

"எது?"

"இதுதான். ஏறி எறங்குது பாருங்க, கீய்ய்னு."

ஸ்பீக்கரின் முன்னால் மண்டியிட்டேன். அடாப்டரை மாற்றச் சொன்னேன். டியூப்லைட்டை அணைத்தேன். அவர் செல்போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னேன், வைத்துவிட்டு வந்தார். கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"மாஸ்டர், உங்களுக்குக் கேக்குதுல்ல?"

"கேக்குது, கேக்குது. லேசா."

மரியாதைக்கு அப்படிச் சொன்னேன். வாடிக்கையாளர் ஒன்றைச் சொல்லும்போது உடனே மறுக்கக் கூடாது.

இருபத்தேழாம் தேதி விநாயகர் சதுர்த்தி. ஆறு பேருக்கும் மேடை இருக்கிறது. இருபத்து நான்கு ஞாயிறு ஒத்திகைக்குள் சரியாகாவிட்டால் வெளிநாட்டுப் பெட்டிதான் வாங்க வேண்டியிருக்கும் என்றார். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். திருச்சியிலும் தஞ்சாவூரிலும் வாசிக்கிறவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறவர்கள். ஆறு பெட்டி திரும்பி வந்த செய்தி ஒரு வாரத்தில் ஊரெல்லாம் போய்விடும். சத்தம் போடாத பெட்டி என்ற பெயர் ஒன்றுதான் எனக்கு இருக்கிறது. அது போனால் இந்த அறையைப் பூட்டிவிட்டுக் கூடத்தில் பேப்பர் படிக்க வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

தெருவில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். பட்டறைக்குப் போய் ஒரு பெட்டியைத் திறந்து, ஓசையைத் திரையில் கோடாகக் காட்டும் பழைய ஆஸிலோஸ்கோப்பில் மாட்டினேன். திரையில் கோடு நேராகப் போக வேண்டும். கோட்டின்மேல் முடி முளைத்தமாதிரி மெலிசாக ஒன்று நெளிந்தது. கோரஸைத் திருகினால் அதுவும் விரிந்து சுருங்கியது.

ஸ்கோப் பழசு. அதை நம்ப முடியாது.

ஆகஸ்ட் 16, சனி

ஸ்ரீரங்கத்தில் ஒருவர் போன வருஷம் வாங்கிய இரட்டை வைத்திருக்கிறார். சர்வீஸ் செய்து தருகிறேன் என்று பொய் சொல்லி வாங்கி வந்தேன். ஸ்கோப்பில் மாட்டினால் கோடு நூல் பிடித்தமாதிரி நின்றது. அதே வரைபடம், அதே சிப், அதே டப்பா. அது ஏன் கத்தவில்லை?

போர்டைக் கழற்றிக் கவிழ்த்தேன். அடிப்பக்கத்தில் நான் வரையாத சாமான்கள் இருந்தன.

முதலில் வந்தது கோபம்தான். என் பெட்டியில் எவன் கை வைத்தான் என்று கத்தியே விட்டேன், அறையில் யாரும் இல்லை. பிறகு பற்றவைத்த புள்ளிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரே அளவு, ஒரே பளபளப்பு, கடுகை வரிசையாக வைத்ததுபோல. திருச்சியில் இப்படிப் பற்றவைக்கிற கை ஒன்றுதான் இருக்கிறது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கிளாக்குக்கும் கரண்டு போகிற வழியில் ஒரு சின்ன ரெசிஸ்டர். அந்தச் சிப்பின் காலடியிலேயே, இதற்கு மேல் ஒட்டி வைக்க முடியாது என்கிற தூரத்தில், ஒரு கெப்பாசிட்டர். ஒரு கிளாக்கின் துடிப்பு கரண்டு கம்பியில் ஏறி அடுத்ததைத் தொடுவதற்கு முன் அங்கேயே அமுங்கிவிடும். நான் இரண்டு கிளாக்குக்கும் எர்த்தைப் போர்டில் ஒரே செம்புத் தடத்தில் ஓட்டியிருந்தேன், பார்க்க அழகாக இருக்கும் என்று. அந்தத் தடத்தை பிளேடால் நடுவில் வெட்டி, இரண்டையும் தனித்தனிப் பச்சை ஒயரில் கொண்டுபோய், கரண்டு நுழைகிற இடத்தில் ஒரே புள்ளியில் சேர்த்திருக்கிறாள். கிதாரிலிருந்து வரும் ஒயரைக் கிளாக்கின் பக்கமே விடாமல் டப்பாவின் சுவரோரமாக வளைத்து விட்டிருக்கிறாள்.

முப்பது வருஷமாக இந்த வேலை செய்கிறேன். இதில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ எனக்குத் தோன்றவில்லை. எல்லாம் போர்டின் அடியில், மூடியைத் திறந்தாலும் என் கண்ணில் படாத பக்கம். நாற்பது பெட்டியிலும் இப்படித்தான் இருக்கும். நான் என் வரைபடத்தின் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தது இதைத்தான். இந்த ஆறு பெட்டியில்தான் அது இல்லை, ஏனென்றால் இவற்றை நான் என் வரைபடத்தின்படி ஒரு இம்மி பிசகாமல் செய்திருக்கிறேன்.

ரொம்ப நேரம் அந்தப் போர்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பிட மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எதுவும் எழுதத் தோன்றவில்லை. கோமதியிடம், "நான் கூப்பிட்டா திரும்பாம இருக்கேனா?" என்று கேட்டேன். "பின்னாடிலேர்ந்து கூப்புட்டா ரெண்டு வருஷமாவே திரும்புறதில்லீங்க" என்றாள். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தமயந்தி ஒன்பது மணிக்கே வந்துவிட்டாள், கையில் அதிரசப் பொட்டலம். ஸ்ரீரங்கத்துப் பெட்டியை அவள் மேஜையில் கவிழ்த்தே வைத்திருந்தேன். பார்த்தாள். பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"ஊர்ல ஒரு காதுதான் குத்துனியா? இங்க ஒன்றரை வருஷமா எனக்குக் குத்திட்டு இருந்திருக்க."

அவள் சிரிக்கவில்லை. "கீச்சுனு கத்துற பெட்டி வெளிய போனா உங்க பேருல்லண்ணே கெடும்."

"அதுக்கு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேன்ணே."

"எப்ப சொன்ன?"

"மொத இரட்டை செஞ்ச அன்னைக்கு. ஒரு சத்தம் ஏறி எறங்குதுண்ணேன்னு சொன்னேன். நீங்க ஹெட்போன்ல கேட்டுட்டு..." அதோடு நிறுத்திவிட்டாள். "விடுங்கண்ணே. அதிரசம் எடுத்துக்கங்க."

"சொல்லு தமயந்தி."

"எனக்குக் காது சரியில்லன்னுட்டீங்க."

நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்று உறுதியாகச் சொன்னேன். அவள் அயனைச் சூடு பண்ண ஆரம்பித்தாள்.

"எப்படிக் கண்டுபுடிச்ச? மீட்டர் எதும் வச்சியா?"

"நீங்க டீ குடிக்கப் போற நேரத்துல ஹெட்போன மாட்டிக்குவேன். துடைப்பக் குச்சி ஒண்ண வச்சு ஒவ்வொரு ஒயரா தள்ளிப் பாப்பேன். எதத் தள்ளும்போது சத்தம் மாறுதோ அங்கதான் கோளாறு. செட்டாப் பாக்ஸ்லயும் அப்படித்தான்ணே செய்வோம்."

நான் வகுப்பு எடுக்கிறமாதிரி ஊருக்கெல்லாம் விளக்குகிற விஷயத்தை இவள் ஒரு துடைப்பக் குச்சியால் தீர்த்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

போன வருஷ டைரியை எடுத்துப் புரட்டினேன். நான் சொல்லவில்லை என்று அவளிடம் காட்டுவதற்காக. கீழே இருப்பது என் கையெழுத்தில் இருக்கிறது:

"பிப்ரவரி 20, செவ்வாய். முதல் இரட்டை தயார். அருமை. தமயந்தி ஏதோ கீச்சுச் சத்தம் என்கிறாள். இல்லாத சத்தம். இசை தெரியாதவர்களைச் சோதனைக்கு உட்காரவைத்தால் இப்படித்தான். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன், அழுதாள். போண்டா வாங்கிக் கொடுத்தேன்."

"பிப்ரவரி 21, புதன். தமயந்தி ஏழு மணி வரை இருந்து பெட்டியின் ஒயரிங்கைப் பிரித்து மறுபடி போட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. வேலைமேல் பாசம்."

இதை அவளிடம் காட்டவில்லை. வெட்கமாக இருக்கிறது. அந்த போண்டாவை நினைத்தால்தான் ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கீழ் ஸ்தாயிச் சத்தமெல்லாம் இருபது வயதுக்காரனைப்போலக் கேட்கிறதாம். அதனால்தான் உறுமலை எல்லாம் பிடித்துவிடுகிறேன். மூவாயிரத்தைத் தாண்டியதும் தாளில் கோடு கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. ஆறாயிரத்தில் ஒன்றுமே இல்லை.

"எத்தன வருஷம் மேடைல இருந்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "இத்தன வருஷத்துல காதுக்குள்ள எதாவது அடைச்சுக்கிட்டதுண்டா?" என்றார். நாங்கள் யாரும் அடைத்துக்கொண்டதில்லை. அடைத்துக்கொள்கிறவனைக் கேலி செய்திருக்கிறோம்.

மெஷின் வைத்துக்கொள்ளலாமாம், பேச்சுக்கு உதவும். பெட்டி சோதிக்க ஆகாது.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆறு பெட்டியையும் பிரித்துவிட்டோம். வேலையை இப்படிப் பங்கு போட்டுக்கொண்டோம்: நான் பற்றவைப்பேன், அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சொல்வாள். "இருக்கு." "பாதியாச்சு." "எறங்கிருச்சு, ஆனா இருக்கு." அவள் புருவம் தளர்வதைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடுகிறது, சொல்வதற்கு முன்னாலேயே.

நானும் சும்மா இருக்கவில்லை. இரண்டு கிளாக்குக்கும் நடுவே ஒரு தகரத் தட்டி வைத்து அதை எர்த்தில் சேர்க்கலாம் என்று சொன்னேன். பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டிப் பொருத்தினோம். கேட்டுவிட்டு, "அண்ணே, இது எனக்குத் தோணலயே!" என்று கண்ணை விரித்தாள். இத்தனை நாள் வாங்கிய பாராட்டெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வரைபடத்தைப் புதிதாக வரைந்தேன். அவள் சேர்த்த ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், வெட்டிய தடம், பச்சை ஒயர் எல்லாம் அதில் ஏறிவிட்டன. இடது பாதியும் வலது பாதியும் இப்போது ஒன்றுபோல இல்லை. பார்க்கக் கொஞ்சம் கோணலாக இருக்கிறது. வரைந்தவர் என்ற இடத்தில் தமயந்தி பெயரை முதலில் எழுதினேன். அழிக்கச் சொன்னாள். மையால் எழுதிவிட்டேன் என்றேன்.

ஆறு பெட்டியும் சுத்தம் என்கிறாள். எனக்கு, முன்பும் சுத்தம்தான்.

ஆகஸ்ட் 23, சனி

குக்கருக்குப் பழைய வெயிட்டையே போட்டுவிட்டேன்.

நாளை ஒத்திகை. தமயந்தியும் வருகிறாள். கிளமென்டிடம் என்ன சொல்வது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். அடாப்டரில் கோளாறு, சிப் மோசமான சரக்கு, இப்படி நாலைந்து காரணம் தயாராக இருக்கிறது. எல்லாமே நம்பும்படியாகத்தான் இருக்கிறது. வாய்தான் வர மாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மதியம் ஒத்திகைக் கூடத்துக்குப் போனோம். ஆறு பேரும் வந்திருந்தார்கள். டிரம்ஸ், கீபோர்டு எல்லாம் ஒருபக்கம் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் நுழைந்ததும் நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

கிளமென்ட் பெரிய மனசுக்காரர். மற்ற ஐந்து பேருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார். "மாஸ்டர், நான் சோதிக்கப் போறதில்ல. நீங்க ஒருவாட்டி கேட்டுட்டு சரின்னு சொல்லுங்க, நாங்க எடுத்துக்கிறோம்."

என் பெயரை என் கையிலேயே திருப்பிக் கொடுக்கிறார். ஹெட்போனை மாட்டி, கால் மணி நேரம் கண்ணை மூடி, தலையை ஆட்டி, சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். பெட்டிகளும் சரியாகத்தான் இருக்கின்றன. ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. தமயந்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதுவும் சொல்லப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஒன்றரை வருஷம் சொல்லாதவள்.

"நான் கேட்டுப் பிரயோசனமில்ல கிளமென்ட்" என்றேன். "அந்த ஒசரத்துல எனக்குக் காது போயிருச்சு. அன்னைக்கு லேசா கேக்குதுன்னு சொன்னது பொய். இத்தன நாள் சத்தமில்லாத பெட்டின்னு நீங்கல்லாம் சொன்னது இவ செஞ்சது. இந்த ஆறும் கத்துனது நான் தனியா செஞ்சதால. இவ கேட்டுச் சொல்லட்டும்."

சொல்லி முடித்ததும் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டேன். டிரம்மர் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டார்.

தமயந்தி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு போய் ஹெட்போனை மாட்டினாள். முதல் பெட்டி, சரி. இரண்டாவது, மூன்றாவது, சரி. ஆறு ஆண்பிள்ளைகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாலு, ஐந்து. எனக்குப் பெருமையாக இருந்தது. என் பெட்டி விசில் வாங்கியது என்று நினைத்த அன்றைக்குக்கூட இவ்வளவு பெருமை இல்லை.

ஆறாவது பெட்டியில் அவள் கை நின்றது. ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள்.

"சார், இது மட்டும் வேணாம். பட்டறைல சுத்தமா இருந்துச்சு, இங்க உள்ள கரண்டுல முன்னவிட ஒசரத்துல, மெலிசா ஒரு இழை கேக்குது. நாளைக்கு சரிபண்ணிக் கொண்டாரோம்."

ஆறையும் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போகலாம் என்றுதான் வந்திருந்தேன். கிளமென்ட் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். ரொம்ப நேரம் கேட்டார். கோரஸைத் திருகிக்கூடப் பார்த்தார். பிறகு கழற்றிவிட்டுப் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"ஒண்ணுமே இல்லயேம்மா. சுத்தமா இருக்கு. எனக்குக் கேக்கவே இல்ல."

அவருக்குப் பின்னால் நின்ற சின்ன வயதுக் கிதாரிஸ்ட் ஹெட்போனை வாங்கிக் கேட்டார். கேட்ட உடனே முகம் சுளித்தார். "இருக்குண்ணே. கீய்ய்னு."

கிளமென்டின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தேன்.

"எனக்கும் இப்படித்தான் கிளமென்ட் ஆரம்பிச்சுது" என்றேன்.